அம்மா கேட்டு வாங்கிய நாய்

நம் எஸ்டேட் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்ந்து வைத்திருக்கிற வாட்ஸப் குழுவில் (பிள்ளைகள் என்று நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும், பாதிப் பேருக்கு முழங்கால் வலி, மீதிப் பேருக்குச் சர்க்கரை) போன வாரம் ஒருவர் நாய்க்குட்டி படம் போட்டிருந்தார். கோயம்புத்தூரில் ஏதோ காப்பகத்திலிருந்து அவருடைய மகள் எடுத்து வந்ததாம். கொடுப்பதற்கு முன்னால் காப்பகத்து ஆட்கள் வீட்டுக்கே வந்து, பால்கனிக்குக் கம்பி இருக்கிறதா, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்றெல்லாம் பார்த்தார்களாம். நம்மைக் கட்டிக்கொடுத்தபோதுகூட யாரும் இவ்வளவு விசாரிக்கவில்லை. நீங்கள் எல்லோரும் இதயமும் பூவுமாகப் போட்டுத் தள்ளினீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. கோபமெல்லாம் இல்லை. படத்தில் அந்தக் குட்டி சோபாவுக்கு அடியில் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அம்மா நினைப்பு வந்துவிட்டது. ஃபோனில் தட்டி முடிக்கிற கதை இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கீழ் கோத்தகிரிப் பக்கம் நாம் இருந்த லைன் வீடுகள் உங்களுக்கு மறந்திருக்காது. ஒரு அறை, பின்னால் ஒரு அடுப்படி. ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள். நம் வீட்டில் குழந்தை தும்மினால் நாலாவது வீட்டிலிருந்து ‘நூறு’ என்று சத்தம் வரும். எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், மூன்று பேர்தான். அப்பா ஃபேக்டரியில் டிரையருக்கு முன்னால் நின்று தூள் வாருகிறவர். அவர் சட்டையை முகர்ந்தால் வறுத்த தேயிலை மணக்கும். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவள். அவள் கையை முகர்ந்தால் பச்சை இலை மணக்கும். இரண்டு மணத்துக்கும் நடுவில் படுத்துத் தூங்கியவள் நான். இன்றைக்கு என் சமையலறையில் நல்ல தேயிலை டப்பா டப்பாவாக இருக்கிறது. திறந்து முகர்ந்தால் டீத்தூள் வாசம் மட்டும்தான் வருகிறது.

அந்த வருஷம் ஐப்பசி மழை சொன்னபடி பிடித்துக்கொண்டது. கொழுந்து மளமளவென்று வந்தது. ஃபேக்டரி ராப்பகலாக ஓட, அப்பாவுக்கு ராத்திரி ஷிப்ட் போட்டுவிட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் நானும் அம்மாவும் தனி. அந்த நேரம் பார்த்துத்தான் கரடி இறங்க ஆரம்பித்தது. முதலில் மாரியம்மன் கோயிலில் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போனது. பிறகு ஒருநாள் எங்கள் அடுப்படிக் கதவை வந்து பிராண்டியது. அம்மா கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, என் வாயைப் பொத்தியிருந்தாள். வெளியே மூச்சு விடுகிற சத்தம் புஸ் புஸ்ஸென்று கேட்டது. காலையில் பார்த்தால் பலகையில் நகம் கீறிய கோடுகள்.

"ஒரு நாய் இருந்தா சத்தம் போட்டுத் தொரத்துமில்ல" என்றார் அப்பா. ஆனால் லைனில் நாயே மிச்சமில்லை. முந்தின கோடையில் சிறுத்தை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போயிருந்தது. கொழுந்து லாரி ஓட்டுகிறவர்தான் சொன்னார், குன்னூரில் ஒரு அம்மா தெருவில் கிடக்கிற நாய்களை எல்லாம் எடுத்து வைத்து வளர்க்கிறார், கேட்டால் சும்மாவே தருவார் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினோம். கோத்தகிரி போய் பஸ் மாறி, குன்னூரில் இறங்கி, கேட்டுக் கேட்டு ஒரு சரிவில் இறங்கினோம். நாய் காப்பகம் என்றால் யாருக்கும் தெரியவில்லை. "நாயம்மா வீடா?" என்று கேட்டு வழி காட்டினார்கள். நாயம்மா ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவராம். கம் பூட்ஸ் போட்டு, நாய் முடி அப்பிய ஸ்வெட்டரோடு வந்து நின்றார். பின்னால் கம்பி வலை அடித்த தகரக் கொட்டகை. பினாயில் வாடை, எலும்பு வேகிற வாடை, ஈரச் சாக்கு வாடை. எங்களைப் பார்த்ததும் எல்லா நாய்களும் சேர்ந்து குரைத்த குரைப்பில் நான் அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டேன்.

அப்பா ஒரு பெரிய கறுப்பு நாயைப் பார்த்து வைத்துவிட்டார். "இது கொரைக்கற கொரைப்புக்கு அந்தக் கரடி மேட்டுப்பாளையத்துக்கே ஓடிரும்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். நாயம்மாவும் கதவைத் திறக்கப் போனார். அம்மாவைக் காணோம். பார்த்தால் கொட்டகையின் கடைசியில் நிற்கிறாள். அங்கே ஒரு செம்மண் நிறக் குட்டி, நாலைந்து மாசம் இருக்கும், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. இத்தனை சத்தத்துக்கும் அது திரும்பவில்லை. ஒரு காது மட்டும் மடங்கியிருந்தது.

"ஏனுங்க, இது வேணுங்க" என்றாள் அம்மா.

"எது?"

"இந்தா, மூலையில இருக்கறது."

"அது மூஞ்சியக்கூடக் காட்ட மாட்டீங்குது. அது எங்க கரடியத் தொரத்தறது?"

"பரவால்லீங்க. இதயே கேளுங்க."

அப்பா கறுப்பு நாயைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எனக்கும் ஆச்சரியம்தான். அம்மா இது வேண்டும் என்று விரல் நீட்டிக் கேட்டு நான் பார்த்ததில்லை. பொங்கலுக்குச் சேலை எடுத்தால் நிறம் அப்பா சொல்வதுதான். சந்தையில் கத்திரிக்காய்கூட அப்பாதான் பொறுக்குவார். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் எனக்கு அப்போது பதில் தெரிந்திருக்காது. அந்தக் குட்டியிடம் அவள் என்ன கண்டாள் என்று பிறகும் நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

நாயம்மா குட்டியை எடுத்து அம்மா கையில் கொடுத்தார். "மார்க்கெட் பக்கத்துல கெடந்துச்சு. யார் என்ன பண்ணாங்களோ, ரொம்பப் பயந்து போயிருக்கு. ஆம்பளைங்களக் கண்டாத்தான் பயம்னு நினைக்கிறேன். அதனால சார், நீங்க கொஞ்ச நாளைக்குத் தள்ளியே இருங்க. அம்மாவே பாத்துக்கட்டும்" என்றார். அப்பா செய்யாத தப்புக்குத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது குட்டியைச் சந்தைக் கூடையில் வைத்து, முந்தானையால் மூடி, மடியில் வைத்துக்கொண்டாள் அம்மா. "கூடையில என்னங்கம்மா?" என்றார் கண்டக்டர்.

"கேரட்டுங்க."

கேரட் அந்த நேரம் பார்த்துத் தும்மியது. கண்டக்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "பாத்துங்க, கேரட்டுக்குச் சளி புடிச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். அம்மா சிரித்தாள். முந்தானைக்குள் கையை விட்டு அதைத் தடவிக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் அது அவள் விரலில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவும் வைத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் தலைகீழ். நாயம்மா சொன்னதை நம்பி அப்பா சொந்த வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி நடந்தார். வாசலில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். குட்டி இரண்டே நாளில் அவர் காலைக் கட்டிக்கொண்டது. காலையில் ஷிப்ட் முடிந்து வந்து அவர் படுத்தால் அதுவும் பக்கத்தில் படுக்கும். குழாயடிக்குப் போனால் பின்னாலேயே போகும். அவர் பழைய பெல்ட்டை அறுத்துக் கழுத்துப் பட்டை செய்து, டைகர் என்று பெயரும் வைத்துவிட்டார். அம்மா குட்டி என்றுதான் கூப்பிட்டாள்.

கூப்பிட்டு என்ன? அது அவளிடம் போகவே இல்லை. சாயங்காலம் சங்கு ஊதி, கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லைனுக்கு வருவார்களே, அப்போதே குட்டிக்கு உடம்பு நடுங்கத் தொடங்கும். அம்மா வாசலில் கால் வைத்ததும் கட்டிலுக்கு அடியில் ஓடித் தகரப் பெட்டிக்குப் பின்னால் ஒண்டிக்கொள்ளும். சில நாள் அங்கேயே ஒன்றுக்குப் போய்விடும். அம்மா செடி ஈரத்துக்கு இடுப்பில் கட்டுகிற படங்கை அவிழ்த்துக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு, கைகால் கழுவி, தட்டில் சோறு பிசைந்து கட்டிலுக்கு அடியில் நீட்டுவாள். "வா சாமி, வா குட்டி. நாந்தான், கூடையில தூக்கிட்டு வந்தேனில்ல" என்பாள். அது சுவரோடு ஒட்டிக்கொள்ளும். விடிந்து அவள் வேலைக்குப் போன பிறகுதான் வெளியே வரும். பக்கத்து வீட்டு அத்தை குளித்து, சேலை மாற்றிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து கூப்பிட்டால் மட்டும், கட்டிலுக்கு அடியிலிருந்து வாலை ஆட்டும். அதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

அத்தை வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். குட்டி குரைக்கவே இல்லை. ஆனால் கரடி மேட்டில் இறங்கினாலும் அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், கட்டிலுக்கு அடியில் போய்விடும். அதைப் பார்த்து நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். இதை நான் பெருமையாக அத்தையிடம் சொன்னேன். அவ்வளவுதான். அன்றைக்கிலிருந்து சாயங்காலம் குட்டி உள்ளே ஓடினால் போதும், "ஏன் அம்மணி, கரடி வருதா, உங்கம்மா வருதா?" என்று லைனே கேட்கும்படி கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். ஒருநாள் அடுப்படியில் என்னிடம், "என் மூஞ்சி அத்தனை மோசமாவா இருக்குது?" என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று நினைத்து, ஆமாம் என்று நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. வேலைக்கு லீவு. காலையில் அம்மா துணியோடு படங்கையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, வேலியில் விரித்துப் போடுவாள். மத்தியானத்துக்கு மேல் குட்டி மெல்ல வெளியே வரும். அடுப்படி வாசல்வரை வந்து நின்று அம்மாவைப் பார்க்கும். அம்மா முகம் மலர்ந்துவிடும்.

"உன்னயப் பாக்க வரல. கறி வாசத்துக்கு வருது" என்றார் அப்பா. லைனில் ஞாயிறு என்றால் வீட்டுக்கு வீடு கறிக் குழம்புதானே. அத்தையும் அதையே சொன்னார். "தின்னுபோட்டு நாளைக்கு மறுபடியும் ஓடீரும் பாருங்க." சொன்னபடியே திங்கட்கிழமை ஓடியது. சுயநலம் பிடித்த நாய் என்று முடிவாகிவிட்டது. எல்லோரும் வயதில் பெரியவர்கள், எல்லோரும் வாழ்க்கையில் அடிபட்டவர்கள், ஒரு குட்டி நாயைப் பற்றி எவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொன்னார்கள் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அப்பா அதோடு நிற்கவில்லை. "கொரைக்கவும் காணோம், கட்டுன பொம்பளகிட்ட வரவும் காணோம். தை பொறந்ததும் திருப்பிக் குடுத்துட்டு அந்தக் கறுப்ப வாங்கிட்டு வரலாம்" என்றார். "கட்டுனது நீங்கதானுங்க, நாயில்ல" என்றாள் அம்மா. அவள் அப்படிப் பேசியதும் எனக்குப் புதுசு.

அடுத்த ஞாயிறு அம்மா கறி எடுக்க விடவில்லை. வெறும் பருப்பும் கீரையும் வைத்தாள். ஷிப்டில் வெந்து வந்த மனுஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கீரையா என்று அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா அந்தத் தட்டை எடுத்து மூடி வைத்தாள். கைகழுவிவிட்டு அடுப்படி வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். என்னையும் பேசாதே என்றாள். வீட்டில் எலும்பு வாசம் எதுவும் இல்லை. குட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து தலையை நீட்டியது. காதை மடக்கிக்கொண்டு, நின்று நின்று, அம்மாவுக்கு ஒரு முழம் தள்ளி வந்து படுத்தது. "பாத்தியா, கறிக்கு வரல" என்று அம்மா உதட்டை மட்டும் அசைத்தாள்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுமுன் துணியை எடுக்க அம்மா வெளியே போனாள். படங்கை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். நீங்களும்தான் அதைக் கட்டிய அம்மாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். செடியின் ஈரம் படாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற கெட்டிப் பிளாஸ்டிக் தார்ப்பாய், கொஞ்சம் அசைந்தாலும் சரக் சரக்கென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் வந்ததும் குட்டி எகிறிக் குதித்து, சுவரில் இடித்துக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். கையிலிருந்ததை ஒருமுறை அசைத்தாள். உள்ளே தகரப் பெட்டி கடகடவென்று ஆடியது.

"நானில்ல அம்மணி" என்றாள். "என்னக் கண்டு இல்ல. இதக் கண்டுதான்." நாயம்மா சொன்ன ஆம்பளை பயமும் இல்லை, அத்தை சொன்ன கறியும் இல்லை. மார்க்கெட்டில் யாரோ தார்ப்பாய்க்குள் வைத்து அதை என்ன செய்தார்களோ. ஒவ்வொரு நாளும் அந்தச் சத்தத்தோடு உள்ளே வந்தவள் அம்மாதான். ராத்திரியெல்லாம் கதவுக்குப் பின்னால் காற்றில் உரசிக்கொண்டு தொங்கியதும் அதுதான். கொழுந்து பறிக்கிற வீட்டில் படங்கு இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்? நம் கண்ணுக்கு அது உடம்பில் ஒரு பாகம்.

அம்மா படங்கைக் கொண்டுபோய் எங்கேயோ தூரத்தில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து, ராத்திரிக்கு உலையேற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்துக் குட்டி வந்தது. அவள் விரல்களை மோந்து பார்த்தது. கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், நகக்கண்ணெல்லாம் வெடிப்பு. ஒவ்வொரு விரலாக நக்கிவிட்டு, அவள் மடியில் தாடையை வைத்தது. அம்மா அசையவில்லை. அடுப்படியிலிருந்து தீய்கிற வாசம் வந்தது.

"அம்மா, சோறு தீயுது."

"தீயட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு மழை விடாமல் பெய்த அந்த நாட்களைத்தான் நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். ஓட்டைக் கூரையும் ஈர விறகும் கரடிப் பயமும் எனக்கு ஒன்றும் ஆசையில்லை. யாராவது மலைக்காற்று, மண்வாசனை என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். சங்கு ஊதியதும் குட்டி நடுங்கிக்கொண்டு நிற்க, எல்லாப் பெண்களுக்கும் முன்னால் ஏற்றத்தில் அம்மா ஓடி வருவாளே, அது வேண்டும். வளைவில் ஒரு சில்வர் ஓக் மரம் உண்டு. அங்கேயே இடுப்புப் படங்கையும் தலையில் போடுகிற தார்ப்பாயையும் கழற்றி மரக்கிளையில் செருகிவிட்டு, நனைந்த சேலையோடு வீட்டுக்கு வருவாள். குட்டி அவள் மேல் ஏறும். இரண்டும் சொட்டச் சொட்ட நிற்கும். கரடி வருதா என்று கேட்பதை அத்தை விட்டுவிட்டார். அம்மா என்னிடம்கூட அதிகம் பேசத் தொடங்கினாள். தலைவாரும்போது பாட்டு முனகுவாள். அவளுக்கு முள்ளங்கி பிடிக்காது என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன்.

ஆனால் லைனில் படங்கு கட்டியவள் அம்மா ஒருத்திதானா? மற்றப் பெண்கள் வாசலைத் தாண்டிப் போய் முடியும்வரை குட்டி அவள் மடிக்குள் கிடந்து நடுங்கும். அம்மா அதன் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொள்வாள். தினமும் அதேதான். தினமும் மழையும்தான்.

கார்த்திகைத் தீபம் முடிந்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டி, எஸ்டேட் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம் கேட்டது. மரத்தில் படங்கு செருகியிருக்கிற கதையை அப்போதுதான் கொழுந்து வேலையை மேற்பார்க்கிற மேஸ்திரி அப்பாவிடம் சொன்னார். சாயங்காலம் ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தவருக்கு அதுவரை தெரியாது. "ஒரு நாய்க்கோசரமா நனஞ்சுட்டு வந்தா?" என்று அப்பா மறுபடி மறுபடி கேட்டார். யாரிடம் கேட்கிறார் என்று தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் துணையாக இருந்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். குட்டியின் அலுமினியத் தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "கொண்டுபோய் உட்டுட்டேன்" என்றார். நான் அழுதேன், கத்தினேன். அவர் என்னை அடிக்கவில்லை. "கூப்பிட்டதும் பின்னாலயே வந்துச்சு. பஸ்ல மடியில படுத்துட்டு வந்துச்சு" என்றார். ஏன் அதை என்னிடம் சொன்னார் என்று அப்போது புரியவில்லை. அந்த அப்பாவுக்கு இன்றைய என் மகனைவிடச் சின்ன வயது. ஒரு பக்கம் டிரையர், ஒரு பக்கம் மூச்சு விட முடியாத பெண்டாட்டி, தனியாக இருக்கிற பிள்ளை, கதவைப் பிராண்டுகிற கரடி. எதை நிறுத்த முடியுமோ அதை நிறுத்தினார்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பிறகு கவிழ்ந்த தட்டைப் பார்த்தாள். கேட்கவே இல்லை. அன்றையிலிருந்து அப்பாவை ‘ஏனுங்க’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "உங்கப்பன்கிட்டச் சொல்லு, சோறு ஆறுதுன்னு" என்று என் வழியாகத்தான் பேச்சு. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் சொல்வேன். "சாப்படறேன்னு சொல்லு" என்பார். வீடு அப்படி ஓடியது. தை பிறக்கப் போகிற சமயம் ஒருநாள் அவரே, யாரையும் பார்க்காமல், "ஞாயித்துக்கெழம போய்க் கூட்டிட்டு வந்துரலாம்" என்றார். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "ஏனுங்க, நெசமாலுமா?" என்றாள்.

மறுபடியும் அதே பஸ், அதே சரிவு. அம்மா கல்யாணச் சேலை கட்டியிருந்தாள். நாயம்மா எங்களைப் பார்த்ததும் கையைப் பிசைந்தார். குட்டி அங்கே இல்லை. பத்து நாளைக்கு முன்னால்தான் பக்கத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்திருந்தார். ரிடையரான வாத்தியாரும் அவர் மனைவியும். "நல்லா ஒட்டிக்கிச்சு. சார் பேப்பர் படிக்கிறப்ப கால்மாட்டுலயே படுத்துக்குதாம். ஆனா நீங்க முதல்ல எடுத்துட்டுப் போனவங்க. நான் போய்க் கேட்டா குடுத்துருவாங்க. வாங்கித் தரட்டுங்களா?" என்றார்.

"வாங்கிக் குடுங்கம்மா" என்றார் அப்பா. நான் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா நாயம்மா பக்கம் திரும்பினாள். "அந்த ஊட்டுல யாராச்சும் கொழுந்துக்குப் போறாங்களாங்க?" என்று கேட்டாள்.

நாயம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. "இல்லீங்க. அவங்க ரெண்டு பேர்தான்."

"அக்கம்பக்கத்துல லைனு இருக்குதுங்களா? படங்கு கட்டீட்டு யாராச்சும் அந்த வழியில வருவாங்களா?"

"அது மாதிரி யாரும் இல்லீங்க. வீடு தனியா இருக்கு."

"அப்ப அங்கயே இருக்கட்டுங்க" என்றாள் அம்மா.

அப்பா கேட் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கூட்டிக்கொண்டு போக வேண்டாம், அந்த வீட்டுக்கு ஒரே ஒரு தடவை போய்த் தூரத்திலிருந்து பார்த்துவிட்டாவது வரலாம் என்று கெஞ்சினேன். வழி கேட்டுக்கொண்டு நானே ஓடிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். முகத்தைக் குனிந்து என் பக்கத்தில் கொண்டுவந்தாள். கண் நிறைந்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"வேண்டாம் அம்மணி. என்னப் பாத்தா அது வந்துரும்."